கெர்கின் ஒப்பந்தச் சாகுபடி: ஏக்கர் வருமானத்தைத் தாண்டி, வீட்டு நிலை உயருமா?

கேள்வி: ஒட்டன்சத்திரத்தான்

அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் செம்மண் நிலமும் ஓர் ஆழ்துளைக் கிணறும் இருக்கின்றன. அதில் ஒரு ஏக்கருக்கு மட்டும் சொட்டுநீர் போட்டிருக்கிறோம். இதுவரை மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் மாற்றி மாற்றிப் போட்டு வந்தோம். 2023 டிசம்பரில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்து, 2024 மே மாதம் வரை அதை நீட்டித்தபோது எங்கள் பக்கத்து விவசாயிகள் பட்ட பாடு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு அப்பாவுக்கு வெங்காயத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டது.

இப்போது கெர்கின் எனப்படும் குட்டி வெள்ளரியை வாங்கி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் களப்பணியாளர் வந்து, ஒரு ஏக்கருக்கு ஒப்பந்தம் போடச் சொல்கிறார். விதை, உரம், மருந்து எல்லாவற்றையும் அவர்களே கடனாகக் கொடுத்து, காய் எடுக்கும்போது கழித்துக்கொள்வார்களாம். தரவாரியான விலையை முன்கூட்டியே எழுதித் தருவார்களாம். மத்திய அரசின் வர்த்தக அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையையும் அவர் கைப்பேசியில் காட்டினார். ஏறத்தாழ 90,000 சிறு, குறு விவசாயிகள் 65,000 ஏக்கரில் இதைப் பயிரிடுவதாகவும், ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு 4 டன் எடுத்துச் சுமார் 80,000 ரூபாய் பெறுவதாகவும், அதில் 40,000 ரூபாய் நிகர வருமானமாக நிற்பதாகவும் அதில் இருக்கிறது. தொண்ணூறு நாள் பயிர் என்பதால் ஆண்டுக்கு இரண்டு போகம் எடுக்கலாம் என்றும் சொல்கிறது.

பயிர் வருமா வராதா என்பது என் கேள்வி அல்ல. எங்கள் மண்ணில் வரும் என்று தெரிகிறது. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, அம்மா, மனைவி, நான் ஆகிய மூவரும்தான் வேலைக்கு ஆள். இரண்டு கறவை மாடுகள் இருக்கின்றன. அம்மா நூறு நாள் வேலைக்கும் போகிறார். இப்படிப்பட்ட ஒரு வீட்டில் அந்த 40,000 ரூபாய் உண்மையிலேயே கூடுதல் வருமானமாக வந்து சேருமா, அல்லது ஒரு பக்கம் வந்து இன்னொரு பக்கம் போய்விடுமா? ஏற்றுமதிப் பயிருக்கு மாறிய குடும்பங்களின் சாப்பாடு, கடன், பிள்ளைகள் படிப்பு ஆகியவை எப்படி மாறின என்பதை அனுபவத்திலோ படிப்பிலோ அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: வேடசந்தூர் பெரியவர்

தம்பிக்கு வணக்கம். நான் இந்தப் பயிரைப் பல போகம் எடுத்திருக்கிறேன். நடுவில் நிறுத்தி, மீண்டும் எடுத்தேன். எனவே புகழவும் மாட்டேன், பழிக்கவும் மாட்டேன்.

அந்த அறிக்கையில் உள்ள 4 டன் என்பது நடக்கக்கூடிய விளைச்சல்தான். ஆனால் 80,000 ரூபாயை 4 டன்னால் வகுத்தால் கிலோவுக்குச் சராசரி 20 ரூபாய் வருகிறது அல்லவா, அந்தச் சராசரிக்குள்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது. கெர்கினுக்கு ஒரே விலை கிடையாது. ஒரு கிலோவுக்கு எத்தனை காய் நிற்கிறது என்பதை வைத்துத் தரம் பிரிக்கிறார்கள். கிலோவுக்கு 160 காய்க்கு மேல் நிற்கும் பொடிக்காய்க்குத்தான் உயர்ந்த விலை. அடுத்த தரத்துக்கு இறங்க இறங்க விலை சரிந்துகொண்டே போய், பருத்த காய்க்கு எடுத்த கூலிகூடத் தேறாது. இன்று மாலை கண்ணில் படாமல் இலைக்கடியில் தப்பிய விரல் பருமன் காய் நாளை ஒரு தரம் கீழே போய்விடும். மறுநாளும் விட்டால் மாட்டுக்குத்தான். வளைந்த காய், ஒரு பக்கம் மட்டும் குடுவை போல் ஊதிய காய், நுனியில் பூ ஒட்டிக்கொண்டிருக்கும் காய் எல்லாம் கழிவில் சேரும்.

விதைத்து முப்பது, முப்பத்தைந்து நாளில் காய் எடுக்கத் தொடங்கினால், அதன்பின் கொடி ஓயும் வரை ஒரு நாள்கூடத் தோட்டத்தை விட்டு நகர முடியாது. அந்தக் காலத்தில் உறவில் கல்யாணம் என்றாலும், ஊரில் திருவிழா என்றாலும், வீட்டில் காய்ச்சல் என்றாலும் காய் எடுத்தே ஆக வேண்டும். கொடியிலும் காயிலும் சுணை இருப்பதால் கையுறை போடாமல் எடுத்தால் விரலிடுக்கெல்லாம் அரிக்கும். எடுத்த காயைத் தார்ப்பாயில் கொட்டி, நிழலில் உட்கார்ந்து தரம் பிரித்து, வலைச்சாக்கில் கட்டி, வண்டி வரும் நேரத்துக்குச் சாலையோரம் சேர்த்துவிட வேண்டும். வண்டி போய்விட்டால் அன்றைய உழைப்பு அவ்வளவுதான்.

நல்லதையும் சொல்ல வேண்டும். மக்காச்சோளத்தில் அறுவடைக்குப் பின் ஒரே தடவையாகப் பணம் வரும். வந்த வேகத்தில் கடைக்காரருக்கும் உரக்காரருக்கும் போய்விடும். கெர்கினில் காய் எடுக்கும் காலம் முழுவதும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பணம் வந்தது. முதல் இரண்டு பட்டுவாடாவில் இடுபொருள் கடன் கழிந்துவிடும் என்பதால் கையில் ஒன்றும் நிற்காது. அதற்குப் பின் வருவதுதான் நமக்கு. ஆனாலும் அந்தக் காலத்தில் மளிகைக் கடையில் கடன் சொல்லவில்லை; பள்ளிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைக்கவில்லை. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, வருமானத்தின் அளவைவிட அது வந்த முறைதான் பெரிய மாற்றமாக இருந்தது.

நான் நடுவில் நிறுத்தியதற்குக் காரணம் தண்ணீர். சித்திரையில் கிணறு இறங்கியபோது கொடி ஒரு வாரம் வாடியது. வாடிய கொடியில் வளைந்த காயாகவே வந்தது. நிறுவனத்தின் மேல் அப்போது எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவர்கள் எழுதிய விலையைத்தான் கொடுத்தார்கள். நான்தான் எழுதிய தரத்தைக் கொடுக்க முடியவில்லை.

பதில் 2: வரப்போரம்

நண்பரின் கேள்வி வேளாண் பொருளியலில் நாற்பது ஆண்டுகளாக விவாதிக்கப்படும் கேள்வி. நான் அந்தத் துறையில் படிப்பவன் என்பதால், நமக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வுகளை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நம் பக்கத்து ஆய்வு. பொருளியலாளர் சுதா நாராயணன் தென்னிந்தியாவில் கெர்கின், பப்பாளி, செண்டுமல்லி, கறிக்கோழி ஆகிய நான்கு ஒப்பந்த முறைகளில் 474 விவசாயிகளிடம் தகவல் திரட்டி, 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பப்பாளியிலும் கறிக்கோழியிலும் ஒப்பந்தம் செய்தவர்களுக்குத் தெளிவான ஆதாயம் இருந்தது. செண்டுமல்லியில் ஒப்பந்தம் செய்யாமலே இருந்திருந்தால் அவர்கள் மேலான நிலையில் இருந்திருப்பார்கள். கெர்கினைப் பற்றி அவர் கண்டதுதான் உங்களுக்கு முக்கியம்: ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் ஆதாயம் உண்டு, ஆனால் சில நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்தவர்களுக்கு மட்டுமே அது உண்டு, மற்ற நிறுவனங்களோடு செய்தவர்களுக்கு இல்லை. அதே பயிருக்குள், குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபாடும் மிகப் பெரிதாக இருந்தது. ஆகவே 40,000 என்ற சராசரியை உங்கள் வீட்டு எண்ணாக எடுத்துக்கொள்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. எந்தப் பயிர் என்று கேட்பதற்கு முன் எந்த நிறுவனம் என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது மடகாஸ்கர். அங்கே மேட்டுநிலப் பகுதியில் ஏறத்தாழ 10,000 சிறு விவசாயிகள் ஐரோப்பியப் பேரங்காடிகளுக்காக மிகச் சிறிய துண்டு நிலங்களில் பிரெஞ்சு பீன்ஸ் பயிரிட்டார்கள். அவர்கள் தங்கள் நெல் வயலை விட்டுவிடவில்லை. நெல் இல்லாத பருவத்தில்தான் பீன்ஸ் போட்டார்கள். ஒப்பந்தக் குடும்பங்களில் பஞ்ச மாதங்கள் குறைந்தன, வருமானம் ஏற்ற இறக்கம் இல்லாமல் சீரானது. பீன்ஸுக்காகக் கற்றுக்கொண்ட மக்குரம் நெல்லுக்கும் உதவியதால் நெல் விளைச்சலும் நன்றாகக் கூடியது. பெரியவர் மேலே பணம் வந்த முறையைப் பற்றிச் சொன்னது இந்த ஆய்வோடு அப்படியே ஒத்துப்போகிறது.

மூன்றாவதாக நான் சொல்லப் போவது அவ்வளவு இனிமையானது அல்ல. குவாத்தமாலாவின் மத்திய மேட்டுநிலத்தில் 1980களில் சிறு விவசாயிகள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக அமெரிக்காவுக்குப் பட்டாணி வகைக் காய்களை அனுப்பி நல்ல பணம் பார்த்தார்கள். 1985இல் கணக்கெடுத்த அதே குடும்பங்களை ஆய்வாளர்கள் 2005இல் மீண்டும் தேடிச் சென்றார்கள். இருபது ஆண்டுகளில் எல்லாருடைய நிலையும் ஓரளவு உயர்ந்திருந்தது. ஆனால் மிகக் குறைவாக உயர்ந்தவர்கள், விடாமல் ஏற்றுமதிப் பயிரையே பிடித்துக்கொண்டிருந்தவர்கள். மிக நன்றாக உயர்ந்தவர்கள், தொடக்கத்தில் இறங்கி, ஏற்றக் காலத்தில் கிடைத்ததை வீடாகவும் பொருளாகவும் மாற்றிக்கொண்டு, பிறகு அதிலிருந்து விலகியவர்கள். இடையில் பூச்சித் தாக்குதல், மருந்து எச்சம், அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு திருப்பப்படுதல் எல்லாம் நடந்தன. இந்த ஆய்வைப் படித்த பிறகு, ஏற்றுமதிப் பயிரில் எப்படி நுழைவது என்பதைவிட எப்போது வெளியேறுவது என்பதே கடினமான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. அரசு அறிக்கையில் செலவு எப்படிப் பிரிந்தது என்று காட்டப்படவில்லை. வீட்டாட்களின் உழைப்புக்குக் கூலி போடாமல் வந்த 40,000 என்றே வைத்துக்கொள்வோம். காய் எடுக்கும் ஐம்பது நாளும் உங்கள் வீட்டில் இரண்டு பேர் முழு நாள் வேலை செய்தால் 100 ஆள்நாள். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு 2025-26இல் அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். அந்தக் கூலியில் கணக்கிட்டால் 33,600 ரூபாய். மிஞ்சுவது 6,400. விதைப்பு, பந்தல் கட்டுதல், மருந்தடிப்பு இவற்றின் உழைப்பை இன்னும் சேர்க்கவே இல்லை. ஆனால் இந்தக் கணக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. அந்த ஐம்பது நாளில் வீட்டாட்களுக்கு வெளியே வேறு வேலை கிடைக்காது என்றால், அந்த 33,600 ரூபாயும் வீட்டுக்கு வந்த உண்மையான வருமானம்தான். கிடைக்கும் என்றால், அது ஏற்கெனவே வந்துகொண்டிருந்த பணத்தின் மறுபெயர்.

கேள்வி கேட்டவர்: ஒட்டன்சத்திரத்தான்

பெரியவருக்கும் நண்பருக்கும் நன்றி. கூலியைக் கழித்துப் பார்க்கும் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. நூறு நாள் வேலை எங்கள் ஊராட்சியில் ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை; தை முதல் பங்குனி வரைதான் கொஞ்சம் தொடர்ச்சியாக இருக்கும். அம்மாவின் உழைப்பையும் மனைவியின் உழைப்பையும் எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதைப் பெண்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். களப்பணியாளர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒப்பந்தத்தை என் பெயரில்தான் எழுதப் போகிறார்.

பதில் 3: தோட்டக்காரி

தம்பி, உங்கள் கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டுத்தான் எழுத வந்தேன். நாங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம். எங்கள் ஊரில் கெர்கின் தோட்டத்துக்குள் காலையில் நுழைந்து பார்த்தால் பத்துக்கு எட்டு பேர் பெண்களாக இருப்பார்கள். எடை போடும் இடத்தில் கையெழுத்துப் போட நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்களாக இருப்பார்கள்.

வேலை எப்படிப் போகும் என்று சொல்கிறேன். வெயில் ஏறுவதற்குள் ஒரு சுற்று எடுத்துவிட வேண்டும் என்பதால் விடியும் முன்பே சமையலை முடிக்க வேண்டும். பால் கறந்து சொசைட்டியில் ஊற்றும் நேரமும் காய் எடுக்கும் நேரமும் ஒன்றாகவே வரும். மாலையில் பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்தில் தார்ப்பாயில் உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருப்போம். பிள்ளைகளும் பையை வைத்துவிட்டு உட்கார்ந்து பொறுக்கத் தொடங்கிவிடுவார்கள். யாரும் கூப்பிட மாட்டார்கள், ஆனாலும் உட்கார்ந்துவிடுவார்கள். நீங்கள் பிள்ளைகள் படிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். கட்டணம் கட்டப் பணம் இருந்தது, படிக்க மாலை நேரம் இல்லை. இரண்டும் சேர்ந்ததுதான் கணக்கு. இரண்டு மாடு இருந்த வீட்டில் ஒன்றை விற்றுவிட்டோம், ஏனென்றால் புல் அறுக்க ஆள் இல்லை. பால் பணம் எங்கள் மாமியார் கையில் வந்துகொண்டிருந்த பணம். கெர்கின் பணம் என் கணவர் கணக்கில் வந்தது. வீட்டு மொத்த வருமானம் கூடியது உண்மை; மாமியார் கைச்செலவுக்குக் கேட்டு வாங்க வேண்டிய நிலை வந்ததும் உண்மை.

இரண்டாம் போகத்தில் நான் ஒன்று மட்டும் வற்புறுத்தினேன். நிலம் என் பெயரில் இல்லாவிட்டாலும் ஒப்பந்தத்தை என் பெயரில் எழுதச் சொன்னேன். மகளிர் குழுக் கடனுக்காக வைத்திருந்த வங்கிக் கணக்கையே கொடுத்தேன். நிறுவனத்துக்கு அதில் தடை ஒன்றும் இருக்கவில்லை. கேட்கும் வரை யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். பணம் எங்கே போகிறது என்பது என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வரத் தொடங்கிய பிறகு, எந்தத் தரத்துக்கு எவ்வளவு என்று நானும் கணக்கு எழுதினேன். எழுதியதால் காய் எடுப்பதிலும் கவனம் கூடியது. உங்கள் மனைவி பெயரில் எழுத முடியுமா என்று அந்தக் களப்பணியாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாள்தோறும் காய் எடுக்கும் தோட்டத்தில் மருந்து அடித்தால், மறுநாள் அந்த இலைகளுக்கு நடுவே கையை விடுகிறவர்கள் நாங்கள்தான். எந்த மருந்து, எந்த அளவு, அடித்த பிறகு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதை நிறுவனம் எழுதித் தருகிறது என்றால், அந்தத் தாளை வீட்டுப் பெண்களிடமும் படித்துக் காட்டுங்கள்.

பதில் 2 தொடர்ச்சி: வரப்போரம்

சகோதரி சொன்னதற்கு ஆப்பிரிக்காவில் நேர் உதாரணம் உண்டு. கென்யாவின் மேரு பகுதியில் வீட்டுத் தேவைக்கான காய்கறிப் பாத்தி பெண்களின் பொறுப்பாக இருந்து வந்தது. பிரெஞ்சு பீன்ஸ் ஏற்றுமதி வந்து அந்தப் பாத்திக்குப் பண மதிப்பு ஏறியதும், ஒப்பந்தமும் வருமானமும் ஆண்கள் கைக்குப் போயின. உழைப்பு மட்டும் பெண்களிடமே தங்கியது. செனகலிலும் பீன்ஸ் ஒப்பந்தம் பெரும்பாலும் ஆண்கள் பெயரில்தான் இருந்தது. இதற்கு மாறாக, ஏற்றுமதி நிறுவனங்களின் பண்ணைகளிலும் சிப்பமிடும் கூடங்களிலும் கூலிக்குப் போன பெண்கள் தங்கள் சம்பளத்தைத் தங்கள் கையிலேயே வாங்கினார்கள். மருந்தைப் பொறுத்தவரை, ஐரோப்பியப் பேரங்காடிகளின் தரச்சான்று விதிகளைக் கடைப்பிடித்த கென்ய விவசாயக் குடும்பங்களில் பூச்சிமருந்தால் வரும் உடல்நலக் கோளாறுகள் குறைந்திருந்தன என்றும் ஓர் ஆய்வு உண்டு. ஏற்றுமதி விதி உண்பவனுக்காக எழுதப்பட்டது. அதன் பயன் சில இடங்களில் பறிப்பவர்களுக்கும் எட்டியிருக்கிறது.

பதில் 4: முன்னாள் களப்பணியாளன்

நான் ஒரு கெர்கின் நிறுவனத்தில் சில ஆண்டுகள் களப்பணியாளனாக இருந்தவன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

மூன்று ஏக்கர்காரரைத் தேடி நாங்கள் ஏன் வருகிறோம் தெரியுமா? சிறு விவசாயி மேல் உள்ள பரிவு என்று எண்ண வேண்டாம். முப்பது ஏக்கர்காரர் கூலியாட்களை வைத்துப் பறித்தால் பாதிக் காய் இலைக்கடியில் பருத்துவிடும். இடுப்பு வளைந்து ஒவ்வோர் இலையாகத் தூக்கிப் பார்க்கும் அக்கறை சொந்தத் தோட்டத்தில்தான் வரும். ஜெர்மனியில் இதே பயிரைப் பறிக்க டிராக்டருக்கு இருபுறமும் இறக்கை போல நீண்ட பலகைகளைக் கட்டி, அதில் தொழிலாளர்களைக் குப்புறப் படுக்க வைத்து ஓட்டுகிறார்கள். அங்கே கோடையில் மட்டும்தான் விளையும், பறிக்கும் கூலியும் மிக அதிகம். தென்னிந்தியாவில் ஆண்டு முழுவதும் விளையும் என்பதும் குடும்ப உழைப்பு கிடைக்கும் என்பதும் சேர்ந்துதான் இந்தத் தொழிலை இங்கே கொண்டுவந்தன. 2020-21இல் இந்தியா 2,23,515 டன் வெள்ளரி, கெர்கினை ஏற்றுமதி செய்தது என்றால், அது முழுக்க முழுக்கக் கையால் பறித்த காய்.

அடுத்து, நம் சந்தையில் இந்தக் காயை வாங்க ஆள் கிடையாது. உப்பு நீரிலோ வினிகரிலோ போட்டு டிரம்மிலும் ஜாடியிலும் வெளிநாட்டுக்குப் போவதற்காகவே விளைவது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் கொண்டுபோய்க் கொட்டினாலும் கேட்பார் இல்லை. விவசாயி வேறு யாருக்கும் விற்றுவிட மாட்டார் என்ற தைரியத்தில்தான் நிறுவனம் விதையையும் உரத்தையும் முன்கூட்டியே கடனாகக் கொடுக்கிறது. நிறுவனம் வேண்டாம் என்று சொன்னால் உங்களுக்கும் வேறு வழி கிடையாது என்பது இதே காரணத்தின் மறுபக்கம். எழுதிய விலை மாறாமலே வருமானம் குறைய முடியும்: வெளிநாட்டு ஆர்டர் நிறைந்திருக்கும்போது தரம் பிரிக்கும் இடத்தில் கண் கொஞ்சம் தளர்ந்திருக்கும், ஆர்டர் குறைந்தால் அதே காய்க்குக் கழிவு கூடும். எங்களுக்கு அப்படி வாய்மொழியாகச் சொல்லப்பட்ட நாள்கள் உண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மேல் 50 விழுக்காடு வரை வரி போட்டதே, அதுபோன்ற அதிர்ச்சி விவசாயியிடம் விலைக்குறைப்பாக வந்து சேருவதற்கு முன் கழிவாகத்தான் வந்து சேரும். பெரியவர் தம் நிறுவனத்தின் மேல் குறையில்லை என்றார். அவருக்கு நல்ல இடம் வாய்த்திருக்கிறது.

ஆகவே கிலோ விலையைப் பற்றிக் களப்பணியாளரிடம் அதிகம் பேச வேண்டாம். அது எல்லா நிறுவனத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். தரம் எங்கே பிரிக்கப்படும் என்று கேளுங்கள். உங்கள் ஊரில், உங்கள் கண்முன் பிரித்து, அங்கேயே சீட்டு எழுதித் தந்தால் நல்லது. ஆலையில் போய்ப் பிரித்து, மூன்று நாள் கழித்துக் கழிவு எவ்வளவு என்று சொன்னால், அந்த ஒப்பந்தத்தைத் தொட வேண்டாம். சாக்குக்கு எவ்வளவு எடை கழிப்பார்கள், பெருமழையிலோ நோயிலோ பயிர் போனால் இடுபொருள் கடன் என்ன ஆகும், முளைக்காத விதைக்கு யார் பொறுப்பு என்பவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்த நகல் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்றே 2019இல் சட்டம் வந்திருக்கிறது. ஒப்பந்தத்தை அரசு அலுவலரிடம் பதிவு செய்யும் ஏற்பாடு அதில் உண்டு. பதிவு செய்வீர்களா என்று கேட்டதும் களப்பணியாளர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள், பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

மருந்து எச்சத்தைப் பற்றிச் சகோதரி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் தனியாக அளவு நிர்ணயிக்கப்படாத மருந்துக்குப் பொதுவான உச்ச வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 2010இல் மகாராஷ்டிரத்துத் திராட்சை ஐரோப்பாவில் சிக்கியது குளோர்மெக்வாட் என்ற ஒரே ஒரு வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தின் எச்சத்தால்தான். நீங்கள் பட்டியலில் உள்ளதை மட்டும் அடித்தாலும், பக்கத்து வயல்காரர் கத்தரிக்கு அடிப்பது காற்றில் வந்து உங்கள் கொடியில் படிந்தால் சோதனையில் உங்கள் காய்தான் மாட்டும். கெர்கின் போடும் துண்டு, மற்றவர் காய்கறி வயலை ஒட்டியிருக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்: ஒட்டன்சத்திரத்தான்

மிக்க நன்றி. களப்பணியாளரிடம் தொலைபேசியில் கேட்டேன். தரம் எங்கள் ஊர்ச் சாவடியிலேயே பிரிக்கப்படும் என்கிறார். பதிவைப் பற்றி மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மனைவி பெயரில் எழுதுவதில் தடை இல்லையாம். மூன்று ஏக்கரில் எவ்வளவு போடலாம், எந்தப் பட்டத்தில் தொடங்கலாம் என்பதைப் பெரியவர் சொன்னால், அதன்படி செய்யலாம் என்று வீட்டில் பேசியிருக்கிறோம்.

பதில் 1 தொடர்ச்சி: வேடசந்தூர் பெரியவர்

அரை ஏக்கர் போடுங்கள் தம்பி. ஒரு ஏக்கருக்குக் குறைந்து ஒப்பந்தம் இல்லை என்பார்கள். ஏக்கர் இலக்கு களப்பணியாளருடைய கவலை, உங்களுடையது அல்ல. மூன்று பேர் உள்ள வீட்டில் ஒருவர் மாட்டைப் பார்த்துக்கொண்டு, இருவர் வேறு கூலியாள் இல்லாமல் நாள்தோறும் எடுத்து முடிக்கக்கூடிய அளவு அரை ஏக்கர்தான். ஒரு ஏக்கர் என்றால் வெளியாள் வைத்தே ஆக வேண்டும், அப்போது நண்பர் போட்ட கணக்கில் நின்ற 6,400 ரூபாயும் நிற்காது. மாட்டை விற்க வேண்டாம். மீதி நிலத்தில் மக்காச்சோளமோ கடலையோ இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் முதல் போகத்தைத் தொடங்க வேண்டாம். அடிச்சாம்பல் நோய் வந்தால் ஒரே வாரத்தில் இலை முழுவதும் காய்ந்துவிடும், புதிதாகச் செய்பவரால் சமாளிக்க முடியாது. தை பிறந்ததும் விதைத்தால் பங்குனிக் கடைசிக்குள் கொடியைப் பிடுங்கிவிடலாம், கிணறு இறங்குவதற்கு முன் பயிர் முடிந்துவிடும். அம்மாவின் நூறு நாள் வேலை கிடைக்கும் மாதங்களும் அவைதான் என்பதால், அவரைக் காய் பறிப்புக்குக் கணக்கில் சேர்க்காமல் நீங்களும் மருமகளும் மட்டும் எடுப்பதாக வைத்து அளவைத் தீர்மானியுங்கள். அதற்கு அரை ஏக்கரும் கூடுதல் என்று பட்டால் நாற்பது சென்ட் போதும். எங்கள் ஊரில் இந்த ஆண்டு விதைத்திருப்பவர்கள் காய் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இருவரும் ஒரு நாள் விடியற்காலையில் வந்தால், அவர்களோடு வரிசையில் நின்று பறித்துப் பார்த்துவிட்டு, மாலையில் எடைச்சீட்டையும் பார்த்துவிட்டுப் போகலாம்.